பரசுராமய்யர் மழைக்குக் காத்திருந்தார்

செய்தி வந்தபோது நான் பாலக்காடு முன்சீப் கோர்ட்டில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். எங்கள் குமாஸ்தா கோவிந்தன் வாசலில் நின்று கையைப் பிசைந்தான். வெளியே போய்க் கேட்டேன். "அய்யர் போய்ட்டாராக்கும்" என்றான். "யார் சொன்னது? நேரில் பார்த்தவரா?" என்று என் வாய் தானாகக் கேட்டது. இருபது வருஷம் அவரோடு ஒரே வக்கீல் ஆபீசில் உட்கார்ந்தவன் வேறு எப்படிக் கேட்பான்? "நானே பார்த்துட்டுத்தான் வரேன்" என்று கோவிந்தன் அழுதான். அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

கல்பாத்தி பரசுராமய்யரை அறிந்தவர்களுக்கு அவருடைய சந்தேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் மரம் வெட்டும் கூப்பு ஏலம், தேயிலைத் தோட்டக் குத்தகை, ஏலக்காய் வியாபார ஒப்பந்தம், கம்பெனிகளின் கூட்டுப் பத்திரம் இவைதான் எங்கள் தொழில். ஒரே கட்சிக்காரருக்கு நிலம் கொச்சியில் இருக்கும், மலை திருவிதாங்கூரில் இருக்கும், கிடங்கு பிரிட்டிஷ் மலபாரில் இருக்கும். மூன்று சர்க்காரின் சட்டத்துக்கும் பொருந்தும்படி ஆதாரம், அதாவது பத்திரம், எழுத வேண்டும். அவர் ஓர் ஆதாரத்தை எட்டு நாள் வைத்துக்கொண்டு, அதை எழுதியவனையே திருடனாகப் பாவித்து வாசிப்பார். "ஊர்ஜிதமாகாதது வாயிலே வரப்படாது, கேட்டேளா" என்பார். என்னிடமும் காரணம் சொல்ல மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அங்காடியில், அந்த ஆபீஸ் கை பட்ட காகிதம் என்றால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பெயர் அதில்தான் நின்றது.

கொழிஞ்சாம்பாறை நாச்சிமுத்துக் கவுண்டர் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு மலையை மாசி மாதத்தில் வாங்கினார். அதில் நல்ல ஏலக்காய்த் தோட்டம் ஒன்று இருந்தது. அவருடைய உயிரே அதில்தான். மேற்குப் பாதியை மட்டும் ஒரு தேயிலைக் கம்பெனி விலைக்குக் கேட்டது. கம்பெனி அனுப்பிய பத்திர நகலில், 'பெரிய ஓடைக்கு மேற்கே உள்ளது முழுவதும்' என்று எல்லை எழுதியிருந்தது. கவுண்டரும் நானும் வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஓடை ஒன்றுதான் ஓடியது. தோட்டம் அதற்குக் கிழக்கே இருந்தது. நாங்கள் இருவரும் சமவெளிக்காரர்கள். எங்கள் ஊரில் ஓடை என்றால் ஓடைதான். எந்த மாதம் பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை.

பரசுராமய்யர் மட்டும், "மழைக்கு முன்னே கையெழுத்து வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "மழை பெய்யட்டும் ஓய்" என்றார், அவ்வளவுதான்.

ஆனி பிறந்தது. கம்பெனி முத்திரை போட்ட கடிதம் ஒன்று அவர் பெயருக்கு வந்தது. படித்துவிட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள், திருச்சூர் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாலாம் நாள் குமுளிப் பக்கமிருந்து வந்த ஒரு வியாபாரி, "உங்க அய்யரு கம்பெனி பங்களாவுல உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டுல்ல இருக்காரு!" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கடிதம், பொய், பங்களா, தேத்தண்ணீர். அவர் கற்றுக்கொடுத்த வித்தையை அவர் மேலேயே பிரயோகித்தேன். அவர் எதற்குப் போனார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நேரே கவுண்டர் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்க கவுண்டரே, அந்தக் காகிதத்த எங்க ஆபீசுல வெக்காதீங்க. வேற வக்கீலப் பாத்துக்கோங்க. அய்யரு கம்பெனி பக்கம் சாஞ்சுபோட்டாருங்க" என்றேன்.

கவுண்டர் வேறோர் ஆபீசுக்குப் போனார். அங்கே மூன்றே நாளில் கையெழுத்தாகிவிட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து பரசுராமய்யர் திரும்பி வந்தார். வேட்டி முழுக்கச் சேறு, கணுக்காலெல்லாம் அட்டை கடித்த புண். மேசை மேல் ஒரு தாளை விரித்தார். அதில் இரண்டு ஓடைகள் வரைந்திருந்தார். வெயிலில் வறண்ட பள்ளமாகக் கிடந்த கிழக்கு ஓடைதான் மழையில் பெரிய ஓடை. ஏலத்தோட்டம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது; பத்திரப்படி அதுவும் கம்பெனிக்கே. "எல்லையை வந்து பார்த்துக்கலாம்னு அவாளே எழுதியிருந்தா. நான் மழை நாளாப் பார்த்துப் போனேன். மழைக்காகக் காத்திருந்து போறேன்னு வெளியே தெரிஞ்சா அவா சுதாரிச்சுடுவான்னுதான் திருச்சூர்னேன். அவா வரைபடத்தையே பங்களாவில் உட்கார்ந்து பார்த்தாச்சு. கவுண்டரைக் கூப்பிடுங்கோ" என்றார்.

காலம் கடந்துவிட்டது என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. யாரால் என்று வரவில்லை.

கவுண்டர் அந்த வேறோர் ஆபீஸ் மூலமாகவே வழக்குப் போட்டார், தோற்றார். தோட்டம் கம்பெனிக்குப் போயிற்று. கட்சிக்காரரையே பிடித்துவைக்கத் தெரியாத ஆபீஸ் என்று அங்காடி சிரித்தது. பழைய மர வியாபாரிகள் இருவர் விலகினார்கள். கேட்டவர்களிடமெல்லாம் பரசுராமய்யர், "தாமதம் என்னோடதாக்கும்" என்றார். கவுண்டர் ஏன் போனார் என்று என்னை அவர் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் இன்று கேட்பார் என்று பயந்துகொண்டே ஆபீசுக்குப் போனேன். அதைவிட ஆச்சரியம், அடுத்த வருஷமே கவுண்டர் தம் காகிதங்களை எல்லாம் என்னிடமே திரும்பக் கொண்டுவந்தார். அதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தேன்.

பரசுராமய்யரின் பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். இனியும் மூடி வைத்தால் நான் மனுஷனில்லை என்று தோன்றியது. "அன்னைக்கு அய்யரு மேல நான் சொன்னது அத்தனையும் பொய்யுங்க. உங்க தோட்டம் போனது என்னாலதானுங்க" என்று கவுண்டரிடம் சொல்லிவிட்டேன்.

கவுண்டர் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"அய்யரு அந்த ஆடியிலயே இங்க வந்து, நான் ஏன் போனேன்னு விசாரிச்சு, அதயெல்லாம் சொல்லிப்போட்டாருங்க. 'என்கிட்டேருந்து உங்களைக் காப்பாத்தணும்னு ஓடி வந்த வக்கீலாக்கும் அவர். அவரை விட்டுடாதீங்கோ'ன்னாருங்க. அதனாலதானுங்க நான் உங்ககிட்டத் திரும்பி வந்தது."

ஊரையே சந்தேகப்பட்ட மனிதர், சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருந்த ஒருவனுக்காக மழையில் கொழிஞ்சாம்பாறை வரை போயிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, காப்பாற்ற ஓடி வந்த வக்கீல் என்ற அந்த ஒரு சொல்தான். வாங்கிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.