மலை இல்லாத ஊரில் ஏறிய மலை

வளைகுடாவில், ரூவி நகரில் எங்கள் வீட்டில், பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கும் என் மகள் பரீட்சைக்காக ஒரு பழைய பிரெஞ்சுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிராமத்து அப்பா ஒருவர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்.

அந்த மாதிரித் தோளை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். காரைக்காலில் எங்கள் தெருக்கோடித் தகரக் கொட்டகையில் மாதம் ஒருமுறை வேட்டியைத் திரையாகக் கட்டி இப்படிப்பட்ட படங்களை இலவசமாகக் காட்டுவார்கள். பாஷை புரியாமலேயே, ஈரமணலும் வறுத்த கடலையும் மணக்க, அந்த அப்பாக்கள் பிள்ளைகளோடு ஒரே மேசையில் ரொட்டியைப் பிய்த்துத் தின்பதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் அப்பா அப்போது அரபு நாட்டில், யான்புவில் வேலையில் இருந்தார். ஒருநாள் வகுப்பில், அப்பா லீவில் வந்து என்னைத் தோளில் வைத்து மலை ஏறினார் என்று அளந்துவிட்டேன்.

"காரைக்கால்ல ஏதுடா மலை? மணல்மேட்டுல ஏறுனீங்களா?" என்று பையன்கள் வருஷம் முழுக்கச் சிரித்தார்கள்.

எனக்குப் பிறக்கும் பிள்ளை என் கூடவே இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். அவர் குறை வைக்கவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

மகளின் நோட்டில் 'அப்பாவும் நானும்' என்று பிரெஞ்சில் ஒரு கட்டுரை. என்னம்மா எழுதியிருக்கே என்று கேட்டேன்.

"நீங்க என்னைத் தோள்ல தூக்கிட்டு மலை ஏறுனதா எழுதியிருக்கேன்ப்பா. உங்களுக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமையும் டூட்டி. வேற என்னத்த எழுதுறது?"

ஜன்னலைத் திறந்தால் இங்கே நாலு பக்கமும் மலைதான். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்.