சமாதானம் என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, நாங்கள் குடிமாறி வந்திருக்கும் காலாப்பட்டுக்கு வந்துவிட்டார் எங்கள் பழைய தெருக்காரர் சூசை அண்ணன். என் கணவர் கதவைத் திறந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இருவரும் எங்கே பார்த்தாலும் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு வார்த்தையை அன்று சொல்லவில்லை. அதிலேயே எங்களுக்குப் பாதி விளங்கிவிட்டது. "சொல்தா அண்ணன் போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு, கஷ்டப்படல" என்றார். அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அவருடைய பெயர் அந்துவான். முதலியார்பேட்டையில் எங்கள் பழைய தெருவுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் என்பதால் பிள்ளைகள் முதல் பங்குச்சாமியார் வரைக்கும் அவர் சொல்தாதான், பிரெஞ்சில் சிப்பாய். யார் எதிரே வந்தாலும் கையை நீட்டி, வணக்கத்துக்குப் பிரெஞ்சில் "போன்ழூர்" என்பார். மில்லில் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வருகிறவர்களையும் விடமாட்டார். அவரோடு பழகிய உங்களில் பலருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததையே மறுபடி சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வாரம் ஒரு வீட்டில் கூடி வேதாகமத்தை நாங்களே வாசித்துப் பேச வேண்டும் என்றார் சாமியார். எங்களுக்குச் செபமாலை சொல்லத் தெரியும், தேர் இழுக்கத் தெரியும். வாசிப்பது சாமியார் வேலை என்று இருந்தவர்கள் நாங்கள். முதல் கூட்டம் எங்கள் வீட்டில். புத்தகம் பாயின் நடுவில் கிடக்கிறது, எடுக்க ஆளில்லை. கடைசியில் சொல்தா அண்ணன் எடுத்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். நூறு ஆட்டில் காணாமற்போன ஒன்றைத் தேடி மேய்ப்பன் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போகும் கதை. தொண்ணூற்றொன்பது என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். மூன்று தரம் முட்டிப் பார்த்தார், பிரெஞ்சிலும் சொல்லிப் பார்த்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மிச்ச ஆடுங்க" என்று வாசித்துவிட்டு மேலே போனார்.

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்து ஒரு குரல், "தொண்ணூத்தொம்போது, அண்ணே" என்றது. சூசை அண்ணனின் மனைவி ரீத்தா. ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் வாயைத் திறந்து அதுவரை நாங்கள் கேட்டதில்லை. "மெர்சி, மதாம். மிச்சத்த நீயே படி" என்று புத்தகத்தை அவளிடம் நீட்டினார். அன்றைக்குப் பிறகு எங்கள் தெருவில் வாசிக்க வெட்கப்பட்டவர்கள் குறைவு. அவரே அப்படித் தடுமாறி வாசிக்கும்போது நமக்கென்ன என்ற தைரியம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

அந்தக் கூட்டம் உடைந்தது மில் வேலைநிறுத்தத்தில். என் கணவர் ஒரு சங்கம், சூசை அண்ணன் வேறு சங்கம். இவர் வெளியே நின்றார், அவர் உள்ளே போனார். மில் வாசலில் வைத்து ஒருவரையொருவர் சொல்லக் கூடாத பேச்செல்லாம் பேசிவிட்டார்கள். வேலைநிறுத்தம் முடிந்தது, இவர்கள் சண்டை முடியவில்லை. சூசை அண்ணன் வீட்டார் செபத்துக்கு வருவதை நிறுத்தினார்கள், அவர்கள் பக்கத்து ஆட்களும் நின்றார்கள். பாயில் பாதி காலி. "மிச்ச ஆடுங்க நாமதான் குந்திக்கினு இருக்கறோம்" என்றார் சொல்தா அண்ணன். அன்று யாரும் சிரிக்கவில்லை.

இதில் மாட்டிக்கொண்டது என் கைக்குழந்தை. அவள் வயிற்றில் இருக்கும்போதே, ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தும் ஞானத்தாய் ரீத்தாதான் என்று பேசி வைத்திருந்தோம். அவளும் லேஸ் வைத்து வெள்ளைக் கவுன் தைத்து வைத்திருந்தாள். இப்போது என் கணவர், "அந்த வூட்டு ஆளு தொட்டா ஞானஸ்நானமே வேணாம்" என்றார். வேறு யார் வந்தாலும் எனக்கு வேண்டாம் என்றேன் நான். மாமியார் என்னைத் திட்டித் தீர்த்தார். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள், இன்னும் தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. ஞானஸ்நானம் பெறாமலே ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்போதுதான் அந்த ஞாயிறு வந்தது. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் நாங்கள் எங்கோ பார்த்து ஒரு கும்பிடு போடுவதோடு சரி. இனி அது போதாது, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துச் சமாதானம் என்று சொல்ல வேண்டும் என்றார் சாமியார். நல்ல கூட்டம். தாமதமாக வந்த சூசை அண்ணனுக்கு இடம் கிடைத்தது சொல்தா அண்ணனின் வலப்பக்கம். இடப்பக்கம் என் கணவர். பெண்கள் பக்கத்திலிருந்து நானும் ரீத்தாவும் எட்டி எட்டிப் பார்த்தோம்.

சொல்தா அண்ணன் சூசை அண்ணனின் கையைப் பிடித்தார். கை கைக்குள் வந்ததும் அவர் வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. பட்டாளக் குரலில், கோயில் முழுக்கக் கேட்கும்படி, "போன்ழூர்!" என்றார். தவறு புரிந்து முகம் சிவந்து, சரியாகச் சொல்லிவிடலாம் என்று என் கணவர் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்தார். மறுபடியும் "போன்ழூர்!" கோயிலே சிரித்தது. சாமியார் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. சூசை அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தவர், அந்தச் சிரிப்போடே சொல்தா அண்ணனைத் தாண்டிக் கையை நீட்டி, "இன்னா மச்சான், போன்ழூர்" என்றார். என் கணவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பிடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் காரணம் கேட்டேன். "சமாதானம்னு சொல்லியிருந்தா கைய குடுத்திருக்க மாட்டேன். அது பெரிய வார்த்தை. இது சும்மா போன்ழூர்தானே" என்றார்.

சாயங்காலம் ரீத்தா கவுனோடு வந்தாள். பிறந்த குழந்தைக்குத் தைத்தது, என் மகளுக்குத் தோளைத் தாண்டவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கலங்கி நின்றோம். எட்டிப் பார்த்த சொல்தா அண்ணன், "புள்ள வளந்தா கவுனைத்தான் பிரிக்கணும், இதுக்கு எதுக்கு அழுவுறீங்க" என்றார். இரண்டு பக்கமும் பிரித்து ஒட்டுத் துணி வைத்துத் தைத்தோம். ஞானஸ்நானத்தன்று என் மகள் ரீத்தா கையில் கால் உதைத்து ஊரைக் கூட்டினாள். அந்த வாரம் செபக் கூட்டத்தில் இரண்டாவது பாய் போட வேண்டி வந்தது.

சொல்தா அண்ணனுக்கு மட்டும் பல நாள் மனம் ஆறவில்லை. பூசையில் தப்பு செய்துவிட்டேன் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமே செய்தாராம், அவரே சொன்னார். அடுத்த ஞாயிறு பாடுபட்டு "சமாதானம்" என்று திருத்தமாகச் சொன்னார். கோயிலே அவருக்குத் திருப்பிச் சொன்னது போன்ழூர்தான். அதன் பிறகு எங்கள் தெருவில் யார் யாரோடு முறைத்துக்கொண்டாலும், "போன்ழூர் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பது.

அடக்கப் பூசையை முதலியார்பேட்டைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் வைத்தார். சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது கோயில் முழுக்கப் போன்ழூர் என்று முணுமுணுப்பதைக் கேட்டு அவர் திகைத்துப் பார்த்தார். ரீத்தா வந்து என்னையும் என் மகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சூசை அண்ணனும் என் கணவரும் பெட்டியின் இரு பக்கமும் நின்று அவருடைய கைகளை ஆளுக்கொன்றாகத் தொட்டுக் காலையில் சொல்லாமல் விட்டதைச் சொன்னார்கள்.

காலாப்பட்டுக் கோயிலில் எனக்கு இன்னும் யாரையும் அவ்வளவாகத் தெரியாது. குடிமாறி வந்ததிலிருந்து ஓரமாக நின்று, ஒரு கும்பிடு போட்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு பக்கத்தில் நின்ற மீனவப் பெண்ணின் கையைப் பிடித்தேன். என் வாயும் பழக்கத்துக்குப் போய்விட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, "இன்னாக்கா சொன்ன?" என்று கேட்டாள். பூசை முடிந்ததும் இரண்டு பேரும் வாசலில் நின்று அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.