வரம்பில் வந்த இரண்டு வரி

போர் ஓய்ந்து பாதை திறந்திருந்த காலத்தில், கண்டாவளைப் பக்கத்தில் யாராவது இறந்தால் கல்வெட்டுப் பாட்டு எழுத என்னிடம் வருவார்கள். முப்பத்தோராம் நாள் வீட்டில் படித்துவிட்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகம் அது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயாலும் பாட்டு இருக்கும். எழுதுகிறவர் வேறொருவர். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். செத்த வீட்டில் ஒருவரோடும் கதைக்க வராது. அதனால்தான் எழுதத் தொடங்கினேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். அடுத்த கிழமை வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கையில், மனைவி புலம்பலுக்கு இரண்டு வரி வந்தது.

முத்தாய்ச் சிரித்தவரே மூச்சாக நின்றவரே
அத்தான் எனஅழைத்தேன் ஆரெனக்குப் பதில்சொல்வார்

வயல் வரம்பில் குந்தியிருந்து பென்சிலால் எழுதினேன். வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அதைவிட நல்ல வரி எனக்கு வந்ததில்லை.

அச்சுக்குக் கொடுக்க முன், இறந்தவரின் மனைவியான அந்த அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவா சுவரோடு சாய்ந்திருந்து கேட்டா.

“தம்பி, நான் அவரை அத்தான் எண்டு ஒரு நாளும் கூப்பிடேல்லை.”

“பாட்டிலை அப்பிடித்தான் போடுறது அக்கா.”

“முத்தாய்ச் சிரிச்சவராம்,” என்றா பக்கத்தில் இருந்த, இறந்தவரின் தங்கை. “அண்ணை கலியாணப் படத்திலையே சிரிக்கேல்லை.”

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சொன்னா: “வாசல் படலையடியிலை வந்து சைக்கிள் மணியை ரெண்டு தரம் அடிப்பார். நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பிலை வைப்பன். உதுதான் எங்கட கதை. உதை எழுதுங்கோ.”

ஓம் என்றேன். அன்று பின்னேரமே எழுதவும் செய்தேன். ஆனால் மணியும் கேத்திலும் என் ஓசைக்குள் அடங்கவில்லை. பழைய வரி காதில் நின்று புதியதை நொண்ட வைத்தது. இரண்டு தாளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனேன். அச்சகக்காரர் கையை நீட்டினபோது பழைய தாளைத்தான் கொடுத்தேன். அக்கா கேட்டால், திருத்த நாள் போதவில்லை என்று சொல்லலாம் என நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள், குரல் நல்ல ஒரு சொந்தக்காரர் இராகத்தோடு படித்தார். மனைவி புலம்பலுக்குச் சனம் கண்ணைத் துடைத்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். அக்கா அழவில்லை. வேறு வீட்டுத் துக்கத்தைக் கேட்கிறவா மாதிரி, மரியாதையாகத் தலையைக் குனிந்திருந்தா.

சாப்பாடு முடிந்து நான் நழுவப் பார்க்க, படலையடியில் மறித்தா.

“பாட்டு நல்லாயிருக்கு தம்பி. ஆருடைய மனுசிக்கு எழுதினனீங்கள்?”

நாள் போதவில்லை என்ற பொய் வாயில் வரவில்லை. சட்டைப்பையில் கொண்டு திரிந்த மற்றத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

“இது கொஞ்சம் நொண்டும் அக்கா.”

“நொண்டட்டும்.”

அங்கேயே நின்று வாசித்தா. பிறகு தாளை நாலாக மடித்து, கையிலிருந்த கல்வெட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னர் போரில் இடம்பெயர்ந்து திரிந்ததில் என் கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. வரம்பில் வந்த அந்த இரண்டு வரியும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அவாவுக்கு எழுதினதில் மணியும் கேத்திலும் இருந்தன என்பது மட்டும் தெரியும். எப்படி எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.