நாள் தெரியாத தீட்டு

அண்ணியின் கட்டைவிரலில் அப்பியிருந்த ஊதா மை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் வளப்பூருக்குத் திரும்பிய பேருந்தில் வழிநெடுக அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தார்.

அண்ணன் மகனுக்கு ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் மலையிறங்கிப் போய் ஏற்றிவருவோம். பொருந்துகிற தம்பியோ தங்கையோ பிறந்தால் தொப்புள்கொடி ரத்தம் கொண்டு குணமாக்கலாம் என்றார்கள். அதற்காக ஆஸ்பத்திரியில் ஐந்து கருக்களை உருவாக்கி, பையனுக்குப் பொருந்திய ஒன்றை மட்டும் அண்ணியின் வயிற்றில் வைத்தார்கள். மீதி நான்கையும் மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதம் கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். அண்ணன் பையனோடு ரத்தம் ஏற்றும் அறையில் இருந்தார். பத்தாவது படித்தவள் என்பதால் நான்தான் வாசித்துக் காட்டினேன்.

"அதுங்களுக்கு உசுரு இருக்குதா கண்ணு?" என்று அண்ணி கேட்டார். டாக்டரம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்க எனக்குக் கூச்சம். தெரியாமலே, "இல்லீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அண்ணி கைநாட்டு வைத்தார்.

பெண் பிறந்தாள். பையன் பிழைத்தான். இரண்டு வருடம் கழித்து அவனுக்கு முடியிறக்கக் கோயிலுக்குப் போனோம். வேண்டிக்கொண்ட அண்ணியே வாசலில் நின்றுவிட்டார்.

"உள்ள வா புள்ள. சாமி என்ன உன்ற மாமியாளா, பயந்து நிக்கறதுக்கு?" என்று சிரித்துவிட்டு அண்ணன் பையனோடு உள்ளே போனார்.

அண்ணி என் கையைப் பிடித்தார். "எனக்குத் தீட்டு கண்ணு. அந்த நாலும் என்னிக்குச் செத்துதுன்னு தெரிஞ்சாத்தான நாள் எண்ணிக் கழிக்கலாம்? உங்கண்ணங்கிட்டச் சொல்லீராத. அவரும் வெளிய நின்னுட்டா, புள்ளைங்கள ஆரு உள்ள கூட்டிட்டுப் போறது?" பிறகு மெதுவாக, "அன்னிக்கு உசுரு இல்லேன்னயே, தெரிஞ்சுதான் சொன்னயா?" என்றார்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பெண் இப்போது மூன்றாவது படிக்கிறாள். அவளும் அவள் அண்ணனும் கோயில் படியில் ஓடி ஏறும்போது, செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தால் சரி என்று சொல்லவும் முடிவதில்லை. அவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அர்ச்சனைக்குப் பேர் சொல்வது நான்தான். அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள்.

"வேற ஆருங்கம்மா?" என்று பூசாரி தட்டோடு நிற்பார். ஒவ்வொரு முறையும் சற்று நேரம் அவரைக் காக்க வைத்துவிடுகிறேன்.