அடைத்த பக்கவாசல்

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பழைய பங்குச்சாமியார் வீட்டைப் புதுப்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பிரான்சிலிருந்து வந்த பாதிரியார்கள் அந்தக் காலத்தில் கட்டியது. செங்குத்தான ஓட்டுக்கூரை, மரப்பலகை ஜன்னல்கள், சுண்ணாம்புச் சுவர். பார்த்ததும் மயங்கிவிட்டேன். ஒரே ஒரு உறுத்தல். பக்கவாட்டு வாசலை யாரோ செங்கல் வைத்து, சிமெண்டு பூசி அடைத்திருந்தார்கள்.

எந்த மடையன் செய்த வேலையோ என்று எரிச்சலோடு அதன்மேல் சாக்பீஸால் ‘இடிக்கவும்’ என்று எழுதினேன். ஆனால் இடிக்க விடாமல் பங்குச்சாமியார் இழுத்தடித்தார். ஒவ்வொரு முறையும் “பாப்போம்மா” என்பார். மதுரையிலிருந்து வெயிலில் பஸ் ஏறி வந்து வந்து எனக்கு வெறுத்துப்போனது.

“ஃபாதர், கட்டினவங்களே வச்ச வாசல் இது. இதை மறைச்சா வீட்டோட அழகே போச்சு!” என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

“எங்க ஊரு சாமியார் வீட்டுலயும் இதே மாதிரி ஒரு வாசல் இருந்துச்சும்மா. முன்வாசல் நெலங்காரவுகளுக்கு. கூலி வேலைக்குப் போற எங்க தெரு ஆளுக பக்கவாசல்லதான் நிக்கணும். காய்ச்சல்ல கெடந்த என்னயத் தூக்கிக்கிட்டு எங்கம்மா அம்புட்டு நேரம் வெயில்ல நின்னுச்சு. நான் மாத்தலாகி இங்க வந்ததும் பாத்த மொத வேலை, இதை அடைச்சதுதான்.”

அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்திருந்தேன். எந்த வாசலில் யார் நின்றார்கள் என்று மட்டும் கேட்கவேயில்லை.

துப்பட்டா நுனியால் சுவரைத் துடைத்தேன். எவ்வளவு தேய்த்தும் எழுத்து முழுதாகப் போகவில்லை.