சொம்புத் தண்ணீரை மறுப்பது எப்படி

எங்கள் ஊர் சரவணம்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம். ஐப்பசி மழையில் குளத்தின் கரை உடைந்து, பள்ளத் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, இரண்டு நாள் நின்று, சேற்றை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தரைக்கடியில் சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் எங்கேயோ சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிட்டன. முதலில் வயிற்றுப்போக்கு வந்தது, பின்னாலேயே மஞ்சள் காமாலை. புதுக் குழாய் பதிக்க நான்கைந்து மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பிள்ளைகள் உடைக்கிற கண்ணாடிக் குழாய்களைக் கூட்டி அள்ளியே என் கோபம் இந்த அளவுக்கு வளர்ந்தது என்று என் கணவர் சொல்வார். வீடு மேட்டுத் தெருவில். எங்கள் பக்கம் வெள்ளம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனாலேயே பள்ளத் தெருவுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளத்துக்குப் பிறகு உதவிக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தார், தண்ணீரையும் கலையையும் சேர்த்து ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு நான். கலைக்கு ஒரு தையல்காரர். டவுன்ஹால் பக்கம் சின்னக் கடை, ஞாயிற்றுக்கிழமைகளில் தெருநாடகம். நான் அவரைப் பாய் என்று கூப்பிட்டேன், அவர் என்னை அக்கா என்றார். வீட்டில் சேறு காயாத சனங்களுக்குக் கூத்து எதற்கு என்று முதல் நாளே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "இருக்கட்டுங்கக்கா, நீங்க தண்ணியப் பாருங்க, நான் சனத்தப் பார்க்கறேன்" என்றார். எரிச்சலாக வந்தது.

நான் தண்ணீரைப் பார்க்கப் போனேன். பை நிறைய, உள்ளே சோதனை மருந்து போட்ட சின்னச் சின்ன பாட்டில்கள். ஒவ்வொரு வீட்டிலும் குடிதண்ணீரைப் பிடித்து மூடிவைத்தால், அசுத்தம் இருந்தால் மறுநாள் கறுத்துவிடும். காலையில் பள்ளத் தெருவின் முதல் வீட்டு வாசலில் நின்றேன். "வாங்கம்மணி, வாங்க, வெயில்ல வந்திருக்கறீங்க" என்று அந்த வீட்டம்மா ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்கு வாயைத் திறக்கும் முன்னே தண்ணீர் வந்துவிடும். வாங்கிக் குடித்த பிறகுதான் வந்த காரியம். குடிக்கவில்லை என்றால் உங்களுக்கு அந்த வீட்டோடு மனஸ்தாபம் என்று அர்த்தம். இன்னொரு அர்த்தமும் உண்டு. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது, குடிக்காமல் போவது என்பதில் எங்கள் பக்கம் பழைய அசிங்கம் ஒன்று இருக்கிறது. சாதியை வாயால் சொல்லாமல் சொம்பால் சொல்லிவிடுவார்கள். அதனால் நல்ல மனசுள்ளவர்கள் எந்த வீட்டிலும் ஒரு மடக்காவது குடித்துவிட்டுத்தான் வருவார்கள். நான் நல்ல மனசுக்காரி என்று பெயர் எடுத்தவள்.

குடித்தேன். குடித்துவிட்டு, "தண்ணியக் காய்ச்சாம யாருக்கும் குடுத்துறாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லி, பாட்டிலை நிரப்பிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கும் ஒரு சொம்பு. இப்படி ஒன்பது வீடு. மறுநாள் காலை ஒன்பதில் ஏழு பாட்டில் கறுத்திருந்தது. நான் அதை நேரில் பார்க்கவில்லை. கழிவறைக்கு வெளியே நின்று என் கணவர் எண்ணிச் சொன்னார்.

மூன்று நாள் கழித்து நான் எழுந்து நடமாடியபோது பாயின் நாடகம் தயாராக இருந்தது. கடையில் மிஞ்சிய பச்சை வெல்வெட்டில் கிருமி வேஷம் தைத்திருந்தார், போடப்போவதும் அவர்தான். உடம்பெல்லாம் குஞ்சம், தலையில் இரண்டு கொம்பு. ஞாயிறு மாலை ரேஷன் கடை வாசலில் ஆட்டம். கிருமி குதித்தது, குடத்துக்குள் தலையை விட்டது, கொதிக்கிற தண்ணீரைக் கண்டு அலறிச் செத்தது. தெருவே விசில் அடித்தது. பரவாயில்லையே என்று நானும் கை தட்டினேன். ஆட்டம் முடிந்ததும் எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து, "பாவம், வேர்த்துக் கொட்டுது" என்று கிருமிக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குழாய்த் தண்ணீர். கிருமி கொம்பைக் கழற்றாமலே, தெரு முழுக்கப் பார்த்திருக்க, மடமடவென்று குடித்தது.

"என்னுங்க பாய் இது!" என்று கத்தினேன்.

பாய் கொம்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "கிருமி இருக்குதுன்னு இவங்களுக்கு நல்லாவே தெரியுமுங்க. உங்களுக்கும்தான் தெரியும். ஒம்பது சொம்பு குடிச்சீங்களே! வேண்டாமுன்னு எப்புடிச் சொல்றதுன்னுதான் யாருக்குந் தெரியல. அளவெடுக்கப் போற எடத்துல எனக்குத் தண்ணி குடுக்காத ஊடும் பார்த்திருக்கறேன், பாசமாக் குடுத்து அழ வெச்ச ஊடும் பார்த்திருக்கறேன். அதனால எங்க குடுத்தாலும் நானும் குடிச்சுப்போட்டுத்தான் வருவேன்."

அன்றைக்குத்தான் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கிருமிக்குத் தண்ணீர் கொடுத்த எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரே மகள். ஈரோட்டில் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். ஏழு மாதம் முடிந்திருந்தது. எதற்கும் "செரிங்க" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெண். பிள்ளைத்தாய்ச்சி என்று தெருவில் ஆள் மாற்றி ஆள் விருந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவளும் தினம் ஒரு வீடாகப் போய், உட்கார்ந்து, நீட்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்கு இந்தக் காமாலை வந்தா உசுருக்கே ஆபத்துங்க, பார்த்துக்குங்க" என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து அந்தப் பெண்ணைத் தெருவில் கண்டாலே, எந்த வீட்டுக்குள் நுழைகிறாள் என்று பயத்தோடு பார்ப்பேன். அவள் அம்மாவிடம் சொன்னேன். "எங்க ஊட்டுல காய்ச்சித்தானுங்க குடுக்கறேன். அடுத்தவங்க ஊட்டுல போயி எப்புடிங்க வேண்டாமுங்கறது? தப்பா நெனைக்க மாட்டாங்களா?" என்றார்.

அடுத்த ஞாயிறு பாய் வேஷம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு நாற்காலி, ஒரு சொம்பு. ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் விருந்தாளி. வீட்டுக்காரர் தண்ணீர் நீட்டுவார், விருந்தாளி மனம் கோணாமல் மறுக்க வேண்டும். தெருவில் யார் வேண்டுமானாலும் வந்து நடிக்கலாம். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. முதலில் வந்தவர், "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்றார். "அதுக்கென்னங்க, இன்னொரு மொடக்கு" என்று பதில் வந்தது. அடுத்தவர் விரதம் என்றார். "தண்ணிக்கு ஏதுங்க விரதம்?" மூன்றாமவர் புத்திசாலி. தண்ணீர் வேண்டாம், காபி போடுங்கள் என்றார். "காபி வருதுங்க, அது வரைக்கும் தண்ணி குடிங்க" என்று வீட்டுக்காரர் சொம்பை வாய் வரை கொண்டுபோய்விட்டார். நான்காவது ஆட்டத்தில் விருந்தாளியும் வீட்டுக்காரரும் நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய வேலித் தகராறெல்லாம் வெளியே வந்தது. கிருமி செத்தபோதுகூட இவ்வளவு கைதட்டல் இல்லை.

கூட்டத்தில் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பாய் அவளைக் கூப்பிட்டார். "வா கண்ணு, நீ உக்காரு. உங்கம்மா ஊட்டுக்காரம்மா."

உட்கார்ந்தாள். அம்மா சொம்பை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. குனிந்தபடி, "காய்ச்சுனதுங்களா?" என்றாள். சொம்புக்கே கேட்டிருக்காது.

அம்மா வேஷத்தில் ஊறிப்போயிருந்தார். "ஏனம்மணி, எங்க ஊட்டுத் தண்ணி நல்ல தண்ணி. அதுக்கு என்ன கொறச்சல்?" என்றார் இடுப்பில் கை வைத்து.

"ஒண்ணுமில்லீங்க" என்று அந்தப் பெண் சொம்பை வாய்க்குத் தூக்கினாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பாய்ந்து போய் ஒரே தட்டு. சொம்பு பறந்து பாயின் காலில் விழுந்து உருண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. ஏனென்றால் அதில் தண்ணீரே இல்லை. நாடகத்துக்காக வைத்த வெறும் சொம்பு. அன்றைக்குத் தெரு சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மூச்சு வாங்க நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பாய் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்கக்கா, இப்படி ஒவ்வொரு ஊட்டுக்கும் போயித் தட்டியுட உங்களால முடியுமா?"

பிறகு, "காய்ச்சுனதுங்களா?" என்று அவளைத் திரும்பச் சொல்லவைத்தார். மறுபடி, மறுபடி. அடுத்த ஞாயிறும் அவளுக்கு அதே வசனம்தான். குரல் கொஞ்சம் வந்தது. அதற்குள் அந்த ஒரு சொல் தெருவில் கேலியாகிவிட்டது. பேக்கரியில் டீ கொடுத்தால், "காய்ச்சுனதுங்களா?" ஆவி பறக்கிற டீயைப் பார்த்துத்தான் கேட்பார்கள். இளநீர் வெட்டுகிறவரிடம் கேட்டார்கள். கோயிலில் தீர்த்தம் கொடுக்கும்போது ஒரு ஆள் கேட்டு, பூசாரி முறைத்தார். கேலியாகக் கேட்டதால் யாருக்கும் கோபம் வரவில்லை. வீட்டில் கேட்டாலும் சிரித்துக்கொண்டே, "காய்ச்சுனதுதானுங்க, தைரியமாக் குடிங்க" என்று சொல்வது பெருமையாகிவிட்டது. என் பாட்டில்களும் நோட்டீசும் செய்யாததை ஒரு வெறும் சொம்பு செய்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அந்தப் பெண்ணைப் பற்றிய பயம் மட்டும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது வேறு, பெரியவர்கள் முன்னால் சொல்வது வேறு. அவள் நிஜத்தில் யாரிடமும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே நம் வீட்டிலாவது நல்ல சாப்பாடு சாப்பிடட்டும் என்று ஒரு ஞாயிறு மதியம் அவளை மேட்டுத் தெருவுக்கு விருந்துக்குக் கூப்பிட்டேன்.

வெயிலில் மூச்சிரைக்க ஏறி வந்தாள். பிள்ளைத்தாய்ச்சி ஆயிற்றே என்று மின்விசிறியைப் போட்டு, உட்காரவைத்து, உள்ளே போய்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டினேன். கை தானாகச் செய்கிற வேலை. அவள் வாங்கினாள். மடியில் வைத்துக்கொண்டாள். காது மடல் சிவந்தது.

"ஏனுங்கத்தை, காய்ச்சுனதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. யாரிடம் கேட்கிறாய்? உன் கையிலிருந்த சொம்பைத் தட்டிவிட்டவளிடமா? "எங்க ஊட்டுத் தண்ணி நல்ல தண்ணி, இங்கெல்லாம் வெள்ளமே வரல" என்ற வாக்கியம் முழுசாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கும்போதுதான் உறைத்தது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். பள்ளத் தெருவில் ஒரு வீடு விடாமல் பாட்டில் நிரப்பிய நான் என் குடத்தில் ஒரு பாட்டில்கூட நிரப்பவில்லை. காய்ச்சுவேன், ஞாபகம் இருக்கிற நாளில். அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று அடுப்பிலும் விருந்துச் சமையல். தண்ணீரைக் காய்ச்சவில்லை.

"இல்ல கண்ணு" என்றேன். சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா!

அவள் சொம்பை மெல்லத் தரையில் வைத்தாள். "அப்ப வேண்டாமுங்க. காய்ச்சிக் குடுங்க, ஆறட்டும், இருக்கறேன்" என்றாள். குரல் சின்னதுதான். ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

உள்ளே போய்ப் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றினேன். லைட்டரை வெடுக் வெடுக்கென்று அடித்து அடுப்பைப் பற்றவைத்தேன். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்கத்தை, கோவிச்சுக்கிட்டீங்களா?"

"ஆமா கண்ணு" என்றேன், திரும்பாமலே. "நல்லாக் கோவிச்சுக்கிட்டேன். நீ எல்லா ஊட்டுலயும் கேளு."