தாளில் இடமில்லாத மரம்

தையல்காரம்மாவுக்குத் தன் புருஷன் மேல் இருந்த எரிச்சலை அளக்க அவளிடமிருந்த இஞ்ச் டேப் போதாது.

மேற்குப் பார்த்த முன்னறையில் அவள் தையல் மெஷின். மதியம் இரண்டு மணிக்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெயில் ஆறு மணி வரை நகராது. இரும்புச் சக்கரம் கையைச் சுடும். வேர்வை சொட்டித் துணி கறையாகும். அதற்குப் பயந்தே மதியமெல்லாம் மெஷினை மூடிவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து கையால் பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். வாசலில் ஒரு பெரிய மரம் நின்றால் அரை நாள் வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். கேட்டது அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் கட்டட பிளான் வரைகிறவர். ஆணி அடிப்பதானாலும் முதலில் படம் போட்டாக வேண்டும். மரம் என்று வாயெடுத்தாலே ஸ்கேலும் காம்பஸுமாக உட்கார்ந்துவிடுவார். அவர் தொழிலில் மரத்தை முழுசாக வளர்ந்த அளவில்தான் வட்டமாக வரைவார்களாம். அந்தப் பெரிய வட்டம் கேட்டை மறைக்கும், கரண்ட் கம்பியில் இடிக்கும், பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டும்.

"பாரு, இடமே இல்ல. அழகா ஒரு குரோட்டன்ஸ் வெச்சுடலாம், அடக்கமா இருக்கும்."

"இன்னும் நடவே இல்ல, அதுக்குள்ள கம்பியில இடிச்சிருச்சா? குரோட்டன்ஸ் நிழல்ல எறும்புதான் உக்காரும்!"

அவருக்கென்ன, மதியம் ஆபீசில் ஏ.சி. காற்று. வீட்டில் படங்கள் பீரோ நிறையச் சேர்ந்தன. ஒரு செடிகூட மண்ணைத் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று. மனிதர் புதுப் படத்தோடு வந்து நின்றார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கையைப் பிடித்து இழுத்து மெஷின் ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"என்ன வரையணுமோ இங்கயே உக்காந்து வரைங்க. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அரை மணியில் மூக்கு நுனி வேர்வை சொட்டி, தாளிலிருந்த கேட் கரைந்தது. பேனாவை வைத்துவிட்டார்.

"நீ இங்க உக்காந்து தைக்க ஆரம்பிச்சு எத்தன வருஷம் ஆச்சு?"

"பதினொண்ணு."

ஜன்னல் வழியாக வெறும் வாசலைப் பார்த்தார். "அப்பவே வெச்சிருந்தா இந்நேரம் மாடிக்கு மேல வளந்திருக்கும்ல?"

என்னவோ அவரே கண்டுபிடித்த மாதிரி! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரிங்க. மண்வெட்டி பின்னாடி இருக்கு. இதையே இன்னும் பதினோரு வருஷம் கழிச்சுச் சொன்னீங்கன்னா, நிழல் வரும்போது ஊசி கோக்க எனக்குக் கண்ணு தெரியாது."